சங்கு ஊதிய பிறகு வந்த விமானங்கள்

அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து தென்மேற்கே நடந்துபோனால் 'புவா-பிரான்' எனும் குடியிருப்பு வரும். வரிசையான வீடுகள், ஒழுங்காக நட்ட மரங்கள், பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் உலாத்தும் தாய்மார். 1988 வரை இந்த நிலம் கார்ட்டியர்வில் விமானநிலையமாக இருந்தது. இரண்டாம் உலகப்போரில் அதன் ஓடுபாதையோரம் கனேடியன் விக்கேர்ஸ் தொழிற்சாலை (1944இன் இறுதியிலிருந்து கனடேயர்) 'கற்றலினா' வகை விமானங்களைக் கட்டியது. தண்ணீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய, நீண்ட நேரம் கடலுக்கு மேல் பறந்து வேவு பார்க்கக்கூடிய விமானங்கள் அவை. கனடாவில் அவற்றை 'கான்சோ' என்றார்கள். அந்தக் கற்றலினாவுக்கும் எமது திருகோணமலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னர் றேடாரின் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

சென்ற மாரியில் எமது வாசிப்பு வட்டத்தில் பேச்சு எப்படியோ றேடார் பக்கம் திரும்பியது. 'வாட்சன்-வாட் என்ற ஒரு மனிதன் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தான், அந்தப் பெட்டி இங்கிலாந்தைக் காப்பாற்றியது' என்றார் ஒரு நண்பர். 'வெள்ளைக்காரன் தன்னைக் காப்பாற்றச் செய்த பெட்டி, அதிலே எமக்கு என்ன இருக்கிறது?' என்றார் மற்றவர். முதலாமவர் பாடசாலைப் புத்தகத்தில் படித்ததைச் சொன்னார். இரண்டாமவரோ தமது அலட்சியத்துக்கு அரசியல் நியாயம் ஒன்றைப் போர்த்திக்கொண்டார். இரண்டுமே பிழை என்பது எனது கருத்து. றேடாரின் வரலாற்றில் பெட்டி ஒரு பாதிதான். அதைச் சுற்றியிருந்த மனித ஒழுங்குதான் மற்றப் பாதி. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள 1942 ஏப்ரலில் இலங்கையில் நான்கு நாள் இடைவெளியில் நடந்த இரண்டு தாக்குதல்களைவிட நல்ல உதாரணம் கிடையாது.

றேடாருக்கு முன்னர் பிரித்தானியர் நம்பியிருந்தது காதை. கென்ற் கரையோரத்தில் டென்ஜ் என்ற இடத்தில் 200 அடி நீளமான ஒரு வளைந்த கொங்கிறீற் சுவர் இன்றும் நிற்கிறது. கடலுக்கு அப்பாலிருந்து வரும் விமானத்தின் இரைச்சலைக் குவித்துக் கேட்பதற்காக வில்லியம் ரக்கர் என்ற விஞ்ஞானியின் திட்டப்படி கட்டியது. கடல் அமைதியாக இருந்தால் சில நிமிட முன்னறிவிப்புக் கிடைக்கும். காற்றடித்தாலோ பக்கத்துத் தெருவில் வண்டி போனாலோ ஒன்றும் கேளாது. விமானங்களின் வேகம் கூடக்கூட அந்தச் சில நிமிடங்களும் கரைந்துபோயின. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. 'பொம்மர்', 'ஹெலி', 'சகடை' என்று இரைச்சலை வைத்தே இனம்பிரித்து, பெரியவர்களுக்கு முன்னர் பதுங்குகுழிக்கு ஓடிய சிறுவர்கள் எம்மிடையே எத்தனை பேர்! எமக்குக் கொங்கிறீற் சுவர்கூட இருக்கவில்லை.

இனி வாட்சன்-வாட்டின் கதை. 1935 ஜனவரியில் பிரித்தானிய விமான அமைச்சு கேட்ட கேள்வி விமானத்தைக் கண்டுபிடிப்பது பற்றியதல்ல, கொல்வது பற்றியது. வானொலி அலைகளால் விமானியைக் கொல்லும் 'மரணக் கதிர்' ஒன்று செய்யமுடியுமா என்று அமைச்சின் விஞ்ஞான ஆராய்ச்சிப் பணிப்பாளர் விம்பரிஸ் விசாரித்தார். அக்காலத்தில் அப்படியான கதிர் பற்றிப் பத்திரிகைகள் அடிக்கடி எழுதின. கேள்வி போனது சிலாவ் நகருக்கு அருகே இருந்த வானொலி ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் றொபேட் வாட்சன்-வாட்டிடம். அவர் அதைத் தமது உதவியாளர் ஆர்னோல்ட் வில்கின்சிடம் கொடுத்தார். கேள்வியை மறைத்து, இத்தனை தூரத்தில் இத்தனை தண்ணீரை இவ்வளவு பாகை சூடாக்க எவ்வளவு வானொலிச் சக்தி வேண்டும் என்று ஒரு கணக்காகக் கொடுத்தார். அந்தத் தண்ணீரின் அளவு மனித உடலிலுள்ள இரத்தத்தின் அளவு என்பதை வில்கின்ஸ் ஊகித்துவிட்டார். கணக்கின் விடை: நடவாது.

'அப்படியானால் நாம் அவர்களுக்கு வேறு என்ன உதவி செய்யலாம்?' என்று வாட்சன்-வாட் கேட்க, வில்கின்சுக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. மேலால் விமானம் போகும்போது வானொலி அலை தளம்புகிறது என்று அஞ்சல் திணைக்களப் பொறியியலாளர்கள் ஒரு அறிக்கையில் முறையிட்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு தொல்லை. வில்கின்ஸ் அந்தத் தொல்லையைத்தான் வழியாகப் பார்த்தார். விமானத்தில் பட்டுத் திரும்பும் அலை பிடிக்கக்கூடிய அளவில் இருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டியவரும் அவரே. 1935 பெப்ரவரி 26ஆம் திகதி டாவென்ட்ரியிலிருந்த பிபிசியின் சிற்றலைப் பரப்பியைப் பயன்படுத்தி, ஒரு வயலோரம் வாகனமொன்றுக்குள் கருவியை வைத்துப் பரிசோதித்தார்கள். ஹேபோர்ட் குண்டுவீச்சு விமானமொன்று மேலே போய் வந்தது. எட்டு மைல் தூரம் வரை திரையிலிருந்த பச்சைப் புள்ளி நீண்டு குறுகியது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னர் கண்ணால் காணவேண்டும் என்று பிடிவாதமாக நின்ற விமானப்படை அதிகாரி ஹியூ டௌடிங் இப்போது சம்மதித்தார்.

இந்தக் கதையில் வில்கின்ஸ் எங்கே போனார்? வாட்சன்-வாட் 1942இல் 'சேர்' பட்டம் பெற்றார். போருக்குப் பின்னர் கண்டுபிடிப்பாளருக்கான அரச ஆணைக்குழு அவருக்கு 50,000 பவுண் வழங்கியது. வில்கின்சின் பெயர் நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே இருந்தது. வாட்சன்-வாட்டைக் குறைத்துச் சொல்வது எனது நோக்கமல்ல. அதிகாரிகளை இணங்கவைத்தது, பணம் திரட்டியது, போட்சி மாளிகையில் இளம் பௌதிகவியலாளர்களைக் கூட்டி வைத்து வேலை வாங்கியது எல்லாம் அவருடைய வாயும் தெம்புமே. முதலில் பூரணமானதைத் தேடாதே, இன்று வேலைசெய்யும் மூன்றாந்தரக் கருவியைக் கொடு என்பது அவர் கொள்கை. போர் வாசலில் நிற்கும்போது அது நல்ல கொள்கைதான். ஆனால் 'றேடாரின் தந்தை' என்று ஒருவரை நிறுத்தியதும் மற்றவர்கள் எல்லாம் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். ஜேர்மனியில் ஹுல்ஸ்மையர் என்பவர் 1904இலேயே கப்பல்களை வானொலி எதிரொலியால் அறியும் கருவிக்குக் காப்புரிமை பெற்றவர் என்பதும் மறந்துபோகிறது.

பிரித்தானியரின் கரையோரச் சங்கிலி நிலையங்கள் தொழில்நுட்ப ரீதியில் உயர்ந்தவை அல்ல. ஜேர்மனியரின் 'பிறேயா' கருவி பல விதத்தில் அவற்றைவிட மேலானது. 1940இல் வித்தியாசத்தை உண்டாக்கியது டௌடிங் அமைத்த ஒழுங்கு. கரையோர நிலையத்தில் ஒரு பெண் திரையைப் பார்த்துத் தூரத்தையும் திசையையும் சொல்வாள். அது தனித் தொலைபேசிக் கம்பியில் பென்ட்லி பிறயறியிலிருந்த 'வடிகட்டும் அறை'க்குப் போகும். பல நிலையங்களின் ஒன்றுக்கொன்று முரணான செய்திகளை அங்கே ஒப்பிட்டு, எது மெய், எது மயக்கம், எது நம்முடையது என்று பிரித்து மேசை வரைபடத்தில் காய்களை நகர்த்துவார்கள். அங்கிருந்து பிராந்தியத் தலைமையகம், அங்கிருந்து விமானத்தளம். கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட விமானத்தை அந்த நிலையங்களால் காணமுடியாது. அதைத் தொண்டர்கள் வெறுங்கண்ணாலும் காதாலும் பின்தொடர்ந்தார்கள். இவ்வளவும் சில நிமிடங்களுக்குள். மகளிர் துணைப்படையின் இளம் பெண்கள் இந்த ஒழுங்கின் முதுகெலும்பு. போட்சியில் பெண்களால் முடியுமா என்று பரிசோதிக்க முதலில் பழக்கியது அங்கிருந்த தட்டெழுத்தாளர்களைத்தான். முடிந்தது.

விமான அமைச்சின் ஆலோசனைக் குழுவில் ஹென்றி டிசார்ட் தலைமையில் இருந்தவர்களில் இருவர் எமது பக்கத்துடன் சம்பந்தப்பட்டவர்கள். உடற்றொழிலியலாளர் ஏ. வி. ஹில் 1943-44இல் இந்தியா வந்து அங்கே விஞ்ஞான ஆராய்ச்சி எப்படி அமையவேண்டும் என்று அறிக்கை எழுதினார். இடதுசாரியான பற்றிக் பிளக்கெற் சுதந்திரத்துக்குப் பின்னர் நேருவுக்குப் பாதுகாப்பு விஞ்ஞானத்தில் ஆலோசகரானார். கருவி மட்டும் போதாது, அது போர்க்களத்தில் எப்படிப் பயன்படுகிறது என்பதையே ஆராயவேண்டும் என்ற துறையை வளர்த்தவர்களில் பிளக்கெற் முக்கியமானவர். கருவியை விலைக்கு வாங்கலாம், ஒழுங்கை வாங்கமுடியாது என்று புதுடில்லிக்கு விளங்கப்படுத்த அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. எவ்வளவு தூரம் விளங்கியது என்பது வேறு கட்டுரை.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரைப் பிடித்த யப்பானியர் பிரித்தானிய றேடார் ஊழியர் ஒருவரின் குறிப்புப் புத்தகத்தைக் கைப்பற்றினர். அதில் 'யாகி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. யப்பானிய அதிகாரிகளுக்கு அது என்னவென்று தெரியவில்லை. கைதியைக் கேட்டபோதுதான், அது ஒரு வகை அலைவாங்கி என்றும், அதை உருவாக்கிய யப்பானியப் பேராசிரியரின் பெயர் என்றும் தெரியவந்தது. தம்முடைய ஹிடெற்சுகு யாகியை எதிரியின் குறிப்பிலிருந்து அவர்கள் அறிந்துகொண்டார்கள். தம்மிடம் உள்ளதைப் பிறர் சொல்லித்தான் அறியும் வியாதி எமக்கு மட்டும் உரியதல்ல என்பதில் ஒரு சிறு ஆறுதல்.

சிங்கப்பூர் விழுந்ததும் இந்து சமுத்திரத்தில் பிரித்தானியருக்கு எஞ்சிய பெருந்தளம் இலங்கைதான். அவசர அவசரமாக றேடார் நிலையங்கள் வந்திறங்கின. கொழும்பில் 254ஆம் இலக்க நிலையம் மார்ச் இறுதியில் வேலை தொடங்கியது. திருகோணமலையில் எலிசபெத் முனையில் 272ஆம் இலக்க நிலையம். தெற்கே கொக்கலவில் கனேடிய விமானப்படையின் 413ஆம் படையணி, கற்றலினாக்களுடன் ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லாந்துத் தீவுகளிலிருந்து அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 4ஆம் திகதி பிற்பகல் அந்தப் படையணியின் லெனாட் பேர்ச்சல், வந்திறங்கி இரண்டு நாட்களே ஆன நிலையில், தமது கற்றலினாவில் இலங்கைக்குத் தெற்கே வெகுதூரத்தில் ரோந்து வந்தார். திரும்பவிருந்த வேளையில் அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தார். பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய நகுமோவின் கடற்படை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்துகொண்டிருந்தது. செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சீரோ விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். அறுவர் கைதிகளாகிப் போர் முடியும்வரை யப்பானில் அடைபட்டனர். செய்தி கொழும்பை எட்டிவிட்டது. அன்றிரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் கலைக்கப்பட்டன. கனடாவில் பேர்ச்சலை 'இலங்கையின் இரட்சகர்' என்கிறார்கள். அவர் 2004இல் ஒன்ராறியோவின் கிங்ஸ்டனில் காலமானார். (கார்ட்டியர்வில்லில் கற்றலினாக்கள் கட்டப்பட்டது இதற்குப் பின்னர். பேர்ச்சல் ஓட்டியது இங்கு கட்டியதல்ல. எம்மவர் சிலர் அப்படிச் சொல்லிப் பெருமைப்படுவதால் இதைக் குறிப்பிடுகிறேன்.)

ஆகவே மறுநாள், ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, கொழும்புக்கு எதிரி வருகிறான் என்று தெரியும். றேடாரும் இருக்கிறது. ஆனால் காலை ஏழரை மணியளவில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் இரத்மலானைக்கு மேலே வந்தபோது ஹரிக்கேன் விமானங்கள் தரையில் நின்றன. விமானிகள் எதிரியைக் கண்ணால் கண்ட பின்னரே ஏறினார்கள். இருபதுக்கு மேற்பட்ட பிரித்தானிய விமானங்கள் அழிந்தன. துறைமுகத்தில் இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. நகரில் பொதுமக்கள் எண்பத்தைந்து பேர் இறந்ததாகக் கணக்கு. அதே நாள் தெற்கே கடலில் டோர்செற்ஷயர், கோர்ண்வால் என்ற இரு பெருங்கப்பல்களும் 424 பேரோடு போயின. கொழும்பிலிருந்து சனம் கூட்டங்கூட்டமாக வெளியேறியது.

றேடார் ஏன் காணவில்லை? ஆட்களின் அனுபவக் குறைவு, முறைமாற்ற நேரம், பராமரிப்பு என்று பலரும் பலவாறு எழுதியிருக்கிறார்கள். எனக்குப் படுவது இதுதான்: இங்கிலாந்தில் ஐந்து வருடம் எடுத்துத் தைத்த உடையை இலங்கையில் ஐந்து நாளில் அணிவிக்க முயன்றார்கள். பெட்டி வந்தது. கம்பிகளும் பழகிய காதுகளும், ஒருவர் சொல்லை மற்றவர் நம்பும் வழக்கமும் இன்னும் வரவில்லை. கோட்டையைக் கட்டியவன் குடிகளுக்குக் காவலுக்கு வந்தவனல்ல என்பதும் உண்மை. கருவிகள் துறைமுகத்தையும் எண்ணெய்க் குதங்களையும் காக்க வந்தவை. நகரம் அதன் அருகே இருந்தது, அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்து ஏப்ரல் 9. திருகோணமலை. முந்திய நாளே கற்றலினா ஒன்று யப்பானியக் கடற்படையைக் கண்டு சொல்ல, துறைமுகத்திலிருந்த கப்பல்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டன. காலை 7.06 மணிக்கு எலிசபெத் முனை நிலையம் 91 மைல் தூரத்தில் விமானக்கூட்டம் ஒன்றைக் கண்டது. இம்முறை செய்தி ஓடியது. சீனன்குடாவிலிருந்து 261ஆம் படையணியின் ஹரிக்கேன்கள் எதிரி வருமுன்னரே வானில் ஏறிக் காத்திருந்தன. கொக்கிளாயிலிருந்தும் விமானங்கள் எழும்பின. (கொக்கிளாயில் அன்று ஒரு விமானத்தளம் இருந்தது என்பதை அந்தப் பெயரை வேறு காரணங்களுக்காக மனதில் சுமக்கும் எம்மில் எத்தனை பேர் அறிவோம்?) இழப்பு இங்கும் பெரிது. சீனன்குடாத் தளம் நொறுங்கியது, எண்ணெய்த்தாங்கி ஒன்று நாட்கணக்காக எரிந்தது, எட்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. ஆயினும் இது தூங்கியவனை அடித்த அடியல்ல.

அன்றே அந்த ஒழுங்கின் எல்லையும் தெரிந்தது. இரவில் வெளியேறிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல், தனது விமானங்களைத் தரையில் விட்டுவிட்டு, மட்டக்களப்புக்கு அப்பால் திரும்பி வந்துகொண்டிருந்தது. யப்பானியர் அதைக் கண்டுவிட்டார்கள் என்பது வானொலிச் செய்திகளிலிருந்து தெரியவந்தது. காப்பு விமானங்களுக்கான கோரிக்கை நேரத்துக்குப் பலன் தரவில்லை. தாக்குண்ட தளத்தின் தொடர்புகள் அறுந்திருந்தன. அவை வந்து சேர்ந்தபோது கப்பல் இல்லை. 307 பேர் மாண்டனர். அவுஸ்திரேலிய நாசகாரியான வம்பயரும் கூடவே போனது. எஞ்சியவர்களை 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் ஏற்றியது. யப்பானியக் கடற்படையைத் தேடி அன்று பறந்த 413ஆம் படையணியின் இன்னொரு கற்றலினா திரும்பவேயில்லை. அதிலிருந்த ஒருவரும் தப்பவில்லை. பேர்ச்சலைப் பற்றி எழுதுவோர் இவர்களை ஒரு வரியில் கடந்துபோவார்கள்.

அறுபத்தைந்து வருடம் கழித்து, 2007 மார்ச்சில், சிறு விமானங்கள் இரவில் கட்டுநாயக்காவில் குண்டு போட்டபோது, இந்தியா கொடுத்த றேடார் ஏன் காணவில்லை என்று கொழும்புப் பத்திரிகைகள் வாரக்கணக்காக வாதாடின. பெட்டியின் தரம் பற்றியே பேச்சு. 1942ஐ ஒருவரும் ஞாபகப்படுத்தியதாக நான் காணவில்லை.

மொன்றியலுக்கு வருவோம். 1940 செப்டெம்பரில் டிசார்ட் குழு பிரித்தானியாவின் இரகசியங்களை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கொண்டுவந்தது. அவற்றில் தலையானது பேர்மிங்காமில் ராண்டலும் பூட்டும் அவ்வருடம் செய்த 'மக்னெற்றோன்' குழாய். ஒரு கையில் அடங்கும் அந்தப் பொருள் குறுகிய அலைகளைப் பெருஞ்சக்தியில் உண்டாக்கியதால் விமானத்துக்குள்ளேயே வைக்கக்கூடிய றேடார் சாத்தியமாயிற்று. அதை ஒரு கறுப்புப் பெட்டியில் காவிவந்தவர் வேல்ஸ் நாட்டவரான எட்வேட் போவன். அவர் வந்த 'டச்சஸ் ஒவ் றிச்மண்ட்' சமாதான காலத்தில் லிவர்பூலுக்கும் கனடாவுக்கும் இடையே பயணிகளை ஏற்றிய கப்பல். பின்னர் மொன்றியலில் நோர்தன் எலெக்றிக் தொழிற்சாலை மக்னெற்றோன்களைச் செய்தது.

கனடாவின் இன்னொரு பங்களிப்பு ஆட்கள். பிரித்தானிய விமானப்படைக்கு றேடார் திருத்துவோர் போதவில்லை என்று கேட்க, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கனேடிய இளைஞர்கள் பல்கலைக்கழகங்களிலும் ஒன்ராறியோவின் கிளின்டன் பயிற்சிப் பள்ளியிலும் பழகி, பிரித்தானியாவிலிருந்து பர்மா, இந்தியா, இலங்கை வரை போனார்கள். வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். 1990களின் தொடக்கம் வரை அவர்களில் பலர் மனைவி மக்களுக்கும் தாம் செய்த வேலையைச் சொல்லவில்லை. வாய் திறக்க அனுமதி வந்தபோது கேட்பதற்கு அவர்களின் நண்பர்கள் பாதிப்பேர் இல்லை. வாட்சன்-வாட்டும் 1950களில் கனடாவுக்கு வந்தார். வேகமாகக் கார் ஓட்டியதற்காகப் பொலிசின் றேடாரில் அகப்பட்டுத் தண்டம் கட்டினார். அதை அவரே பாட்டாக எழுதிச் சிரித்தார். போரில் விமானங்களைத் தரையிறக்கும் றேடாரில் வேலை செய்த ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்குப் போய் அங்கேயே வாழ்ந்து முடிந்தார். அவரும் தோழர் மைக் வில்சனும்தான் திருக்கோணேஸ்வரத்தின் பழைய கோவிற் சிதைவுகளைக் கடலடியில் கண்டு எழுதியவர்கள்.

இவ்வளவும் எழுதப்பட்டிருக்கிறது. பிரித்தானியர் எழுதினார்கள், யப்பானியர் எழுதினார்கள், கனேடியர் பிந்தியாவது எழுதினார்கள். எலிசபெத் முனைக்குக் கல் சுமந்தவர், சீனன்குடாவில் தளம் போட்ட கூலிகள், அன்று காலை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிய திருகோணமலைச் சனம் என்ன கண்டார்கள் என்பதை மட்டும் ஒருவரும் கேட்டு எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய நாட்களில் எமக்கு வேறு விமானங்கள் இருந்தன.

பல வருடங்களுக்கு முன்னர் எமது பக்கத்துக் கட்டடத்தில் மகளோடு இருந்த திருகோணமலை அம்மா ஒருவர் இந்தச் சம்பவத்தை எனக்குச் சொன்னார். அப்போது அவருக்குப் பத்து வயதாம். றேடார் என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. நான் அதைச் சொல்லிக் கேட்கவும் இல்லை. "விடியக் காலமை சங்கு ஊதினது தம்பி. ஐயா எங்களை இழுத்துக்கொண்டு பத்தைக்குள்ளை போனார். கனநேரம் ஒன்றுமில்லை. பொய்ச்சங்கு எண்டு அம்மா திரும்பப் பாத்தா. பிறகுதான் பிளேன் வந்தது" என்றார். 91 மைல் தூரத்துக்கு எத்தனை நிமிடம் என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் விபரம் கேட்கலாம் என்று அடுத்த மாரிக்குத் தள்ளிவைத்தேன். அந்த மாரிக்கு அவர் இருக்கவில்லை.